எங்கள் தெரு பாதியில் நின்ற கதை

போன வாரம் பார்சல் ஆபீஸ் பக்கம் வந்தபோது டெலிவரி வண்டி ஓட்டும் பிள்ளைகள் நீங்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். என்ன என்று கேட்டேன். பெரியவள் கேட்கிறாளே என்று எனக்கும் காட்டினீர்கள். போனில் வழி காட்டும் ஊர்ப் படம். அதில் பெட்ரோல் பங்க் ஏரிக்கு நடுவில் இருக்கிறதாம். சம்பளம் வாங்காமல் யாரோ உட்கார்ந்து வரைந்த படம், வரைந்தவர் பெயரும் அதிலேயே வருமாம். அந்தப் பெயரோடு சேர்த்துப் படம் பிடித்து ஊர் குரூப்பில் போட்டாகிவிட்டது என்றும், அதற்குள் எத்தனையோ பேர் சிரித்துவிட்டார்கள் என்றும் சொன்னீர்கள்.

நான் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு எதையும் உடனே சொல்லிப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து யோசித்த பிறகு, இந்தப் பார்சல் ஆபீஸில் முன்பு நடந்த ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எனக்குப் பெரிதாக எழுதப் படிக்க வராது. எண் தெரியும், என் பெயரை எழுதுவேன், மூட்டை மேல் இருக்கும் எழுத்தை ஆள் முகத்தை ஞாபகம் வைப்பதுபோல வைத்துக்கொள்வேன். அதனால் நான் சொல்ல, இப்போது புக்கிங்கில் உட்காரும் பெண் எழுதுகிறாள். நல்ல தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நடுவில் அவளாக ஏதாவது சேர்த்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்போது இருக்கிற கண்ணாடிக் கதவு ஆபீஸை வைத்து அந்தக் காலத்து ஆபீஸை நினைக்காதீர்கள். அப்போது தகரக் கூரை. மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. காலையில் பெங்களூர் லாரி வந்து நின்று பட்டு நூல் மூட்டைகளை இறக்கும்போது ஒரு வாசனை வரும். பட்டுப்புழுவின் வாசனை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த வாசனை எங்கேயாவது அடித்தால் கால் தானாக நின்றுவிடும். சூரத்திலிருந்து ஜரிகைப் பெட்டி வரும். சின்னப் பெட்டிதான், ஆனால் கை இறங்கிப்போகிற கனம். சாயங்காலம் புடவைப் பெட்டிகள் வெளியூருக்குக் கிளம்பும். மதுரைக்குப் போவது, ஐதராபாத்துக்குப் போவது என்று தனித்தனியாக அடுக்கிவைத்து, அதன் மேலேயே சாய்ந்துகொண்டு டீ குடிப்போம். எங்கோ முகம் தெரியாத ஒரு கல்யாணப் பெண் கட்டப்போகிற புடவைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருநாளும் யாரும் நினைத்ததில்லை. இப்போது நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் அங்கே லோடுமேன். அவர் போன பிறகு அவருடைய மூன்று சக்கர வண்டியை நான் மிதித்தேன். பொம்பளை வண்டி மிதிப்பதைப் பார்க்க முதல் நாள் தெருவே வாசலுக்கு வந்தது. மறுநாள் பாதிப் பேர் வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை, அவரவருக்கு வேலை இருந்தது. ஆரணியில் நான் மூட்டை போடாத நெசவாளர் தெரு கிடையாது. பெருமையாகத்தான் சொல்கிறேன், அதில் தப்பில்லை.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு மேஸ்திரி. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது மூட்டையை வீடு மாற்றிப் போட்டுவிட்டு வந்தால் கத்தமாட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “வா, நீ போன வழியிலயே போலாம்” என்பார். ஒருமுறை ஒரு ஆள் ஜரிகைப் பெட்டியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டான். ஆபீஸில் எல்லாரும் அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். மேஸ்திரி அவனோடு நடந்து போய்ப் பார்த்தார். பச்சைக் கதவு வீடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் கல்யாணம், முந்தின நாள்தான் கதவுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். திரும்பி வந்து எங்களிடம், “அவன் கரெக்டாத்தான் போயிருக்கான். கதவுதான் வேற ஆயிடுச்சு” என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பில் வந்தபோது புக்கிங்குக்கு ஒரு பெண்ணை வைத்தார்கள். பெயர் சத்யா. சந்தவாசல் பக்கம் ஒரு கிராமம். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. பட்டப்படிப்பு படித்தவள், கணக்கில் கெட்டி, கூச்சம் அதிகம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் ஆரணியில் ஒரு வேலை இருந்தது. சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பாள். அவள் படித்த காலேஜ் ஆட்கள் சிலர் சேர்ந்து வாங்கி, ஆளுக்குக் கொஞ்ச நாள் என்று மாற்றி மாற்றி வைத்திருந்த கருவி அது. நடக்கிற வழியை அதுவே கோடாக வைத்துக்கொள்ளுமாம். சாயங்காலம் அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தெருப் பெயர் எழுதுவாள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

“யாரு சம்பளம் குடுக்கறாங்க?” என்று கேட்டேன்.

“யாரும் குடுக்கல அக்கா.”

“அப்புறம் இன்னாத்துக்கு வெயில்ல அலையற?”

அவள் பில் கட்டைத் தட்டிச் சரிசெய்தாள். “எங்க ஊரு எந்தப் படத்துலயும் இல்ல அக்கா. பெரிய ரோடு இருக்கும், எங்க ஊரு இருக்கற எடம் காலியா இருக்கும். மொதல்ல அதைப் போட்டேன். போட்டுட்டுப் பாத்தா நல்லா இருந்துச்சு. அப்புறம் விட முடியல” என்றாள்.

எங்கள் ஆபீஸுக்கு எதிரே பாபு என்று ஒருவர் பேனர் கடை வைத்திருந்தார். எங்கள் தெருக்காரர்தான். பேனர் என்றால் அப்போதுதான் ஊரில் புதிது. கல்யாணம், காதுகுத்து, வெளிநாடு போகிறவன், பரீட்சையில் தேறியவன் என்று எல்லாருக்கும் பேனர் அடித்துத் தெருவில் கட்டிக்கொண்டிருந்தார். ஜாலியான ஆள். பத்திரிகையும் அடிப்பார். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது, பின்பக்கம் வீட்டுக்கு வழி காட்டும் படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பாபு இன்டர்நெட்டில் தேடி, சத்யா போட்ட படத்தை எடுத்து அப்படியே அச்சடித்துவிட்டார். அந்தப் படத்தில் எங்கள் தெரு பாதியில் நின்றுவிடுகிறது. அந்தாண்டை ரோட்டில் போய்ச் சேரவில்லை. வேலூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் அதை நம்பி ஊரைச் சுற்றி, சந்து சந்தாக மாட்டி, நல்ல நேரம் தாண்டி வந்து சேர்ந்தது. பெண் வீட்டுக்காரர்கள் பாபுவைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள்.

பாபுவுக்குக் கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே வழியில் காட்டினார். பேனர் அடித்தார்.

கலர் பேனர். நடுவில் அந்தப் படம், தெரு நிற்கிற இடத்தில் சிவப்பு வட்டம். மேலே, ‘மாபெரும் முட்டுச்சந்து திறப்பு விழா, அனைவரும் வருக.’ அதற்குக் கீழே, கண்டுபிடித்தவர் என்று போட்டு, படத்தோடு வந்திருந்த சத்யாவின் பெயர். அடியில், ‘இவண், வழி தெரியாமல் தவிக்கும் தெருமக்கள்.’ நன்றாகத்தான் அடித்திருந்தார், சொல்லக்கூடாது. எங்கள் ஆபீஸ் வாசலுக்கு நேர் எதிரே கட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் நின்று படித்துச் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். என் கொழுந்தன் சண்முகம் அதன் கீழே நின்று போட்டோவே எடுத்துக்கொண்டான். எனக்குப் படம் பார்த்துப் புரியாது, அதனால் சிரிப்பும் வரவில்லை. ஆனால் கவுண்டரில் நடந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது.

“எம்மா, முட்டுச்சந்துக்கு ஒரு பார்சல் இருக்குது. போய்ச் சேருமா, பாதியில எறக்கி வெச்சுடுவீங்களா?”

“மேடம், எங்க வூடு படத்துக்கு உள்ளயா வெளியயா? வீட்டு வரி கட்டறதா வேணாமான்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.”

சத்யா முதலில் கூடவே சிரித்தாள். அப்புறம் தலை நிமிராமல் பில் போட்டாள். அப்புறம் பில்லில் ஊர் மாற்றி எழுத ஆரம்பித்தாள். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடிக்கடி அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அது இன்னும் மோசம்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு, “மாசக் கடைசியோட நின்னுக்கறேன் அக்கா. வேலூர்ல ஒரு கடையில கூப்டறாங்க” என்றாள். “போறதுக்கு முன்னாடி நான் போட்டது அத்தனையும் அழிச்சுட்டுப் போவேன்.”

“அந்தத் தெருவையா?”

“எல்லாத்தையும். எங்க ஊர்ல இருந்து ஆரம்பிச்சு.”

ஒரு தப்புக்காக ஒருத்தி தன் ஊரையே எடுத்துவிடுகிறேன் என்கிறாள். மேஸ்திரி இருந்திருந்தால் துண்டைத் தேடியிருப்பார். நான் கேட்டேன்: “அந்தத் தெரு ரோட்டுக்குப் போய்ச் சேருதுன்னு ஆரணியில சின்னக் கொழந்தைக்குத் தெரியும். நீ ஏன் பாதியில நின்ன?”

“நான் நடந்த வரைக்கும்தான் கோடு வந்துச்சு. மெஷின் பொய் சொல்லல அக்கா.”

“ஏன் அதுக்கு மேல நடக்கல?”

“வழி இல்லன்னாங்க.”

“யாரு?”

“தெருவுல பாவு போட்டுகினு இருந்த ஒரு அண்ணன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அட இவ்வளவுதானா என்று. உங்களில் நெசவு தெரியாதவர்கள் இருப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கத்தரி போல விரித்த மூங்கில்கால்களில் தாங்கி, சிக்கு எடுத்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அதுதான் பாவு. காலை வெயிலில் பார்க்க, தெருவுக்கு நடுவே ஆறு ஓடுவதுபோல மினுங்கும். வண்டி போக முடியாது. தெரியாத ஆட்கள் வந்தால் தூசி படும், கால் தட்டும் என்று சுற்றிப் போகச் சொல்வதுண்டு.

“அது எல்லாரையும் சொல்றதுதான். பாவு போட்டா அப்படித்தான்” என்றேன்.

சத்யா என்னை நேராகப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்க்கிற பெண் இல்லை. “எல்லாரையுமா அக்கா? எனக்கு முன்னாடி மருந்து கம்பெனி ஆளு ஒருத்தர் பையைத் தூக்கிகினு செவுத்து ஓரமா போனாரு. அவரை ஒண்ணும் கேக்கல. என்னை எந்த ஊருன்னு கேட்டாரு. சொன்னேன். ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டாரு. அதையும் சொன்னேன். அதுக்கப்புறம்தான் வழி இல்லாம போச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அது நான் வாழ்க்கைப்பட்டு வந்த தெரு. வண்டி மிதித்த காலமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போவேன், எந்த வாசலில் எந்தக் கல் தூக்கியிருக்கிறது என்று வண்டிச் சக்கரத்துக்குத் தெரியும் என்று பெருமை பேசுகிறவள் நான். அந்தத் தெரு ஒருத்திக்கு நடுவிலேயே முடிந்துபோகும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு அது ஒருநாளும் முடிந்ததில்லையே.

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா அதுக்கு ஒரு பேனர் அடிப்பாங்க” என்றாள்.

நாளைக் காலையில் என்னோடு வா, அந்தக் கருவியையும் எடுத்துக்கொள் என்றேன். சண்டைக்கெல்லாம் வரமாட்டேன் என்றாள். “சண்டை இல்ல. நீ போன வழியில நானும் ஒரு தடவை வரணும். நீ முன்னாடி போ. நான் வண்டியோட பின்னாடி வரேன்” என்றேன். அவளுக்கு மனசில்லை. ஆனாலும் வந்தாள். போகும்போதே வேலூர் பஸ் நேரத்தை என்னிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

தெரு முனையில் நான் வண்டியை நிறுத்தி, அவளைக் கொஞ்சம் முன்னால் போகவிட்டேன். நல்ல இளவெயில். பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். மாம்பழ நிறம். இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பேனர் கடை பாபு தன் வீட்டு வாசற்படியில் பல் விளக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவுக்குத் தலைமாட்டில் கஞ்சிச் சட்டியோடு நின்றவன் சண்முகம். என் கொழுந்தன். யாரோ ஒரு அண்ணன் என்று சத்யா சொன்னபோது நான் இவனை நினைக்கவில்லை.

அவன் அவளைப் பார்த்தான். கை வேலையை விடவில்லை. நல்ல சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்: “எம்மா, உனக்கு அன்னிக்கே சொன்னேன் இல்ல? இப்படி வழி இல்ல. சுத்திகினு போ.”

சத்யா நின்றாள்.

பாபு வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு எழுந்தார். “டேய் சண்முகம்,” என்றார், “அந்தப் பொண்ணு…”

“எந்தப் பொண்ணு?”

“பேனர்லடா.”

சண்முகத்துக்குப் புரியவில்லை. அவன் பேனரில் பெயரைத்தான் படித்திருந்தான், ஆளைத் தெரியாது. அந்த மாதிரி ஒருத்தியைத் திருப்பி அனுப்பியதையும் பேனரையும் அவன் மனசு சேர்த்துப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் சேர்ந்தது. சேருவதை நான் அவன் முகத்தில் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் நான் வண்டியோடு நிற்பதையும் அப்போதுதான் பார்த்தான்.

இழை முடிந்துகொண்டிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு, “அப்ப முட்டுச்சந்து இவருதானா” என்றாள். பாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை சிரிப்பு கிளம்பியது.

பிள்ளைகளே, அந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் நாக்கில் அப்போது நிறைய இருந்தது. பேனருக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டாயே என்று ஆரம்பித்திருந்தால், சண்முகம் அன்றைக்குத் தெருவில் தலை காட்டியிருக்க முடியாது. எனக்கும் மனசு ஆறியிருக்கும். ஆனால் எனக்கு அவனைச் சின்ன வயசிலிருந்து தெரியும். பத்துப் பேர் முன்னால் சிரித்துவிட்டால் அவன் செய்த தப்பைக் கெட்டியாகக் கட்டிக்கொள்வான். ஆமாம், நிறுத்தினேன், இனிமேலும் நிறுத்துவேன் என்பான். சிரித்த ஆட்களும் சாயங்காலம் அவன் பக்கம்தான் போய் உட்காருவார்கள். நாளைக்கு அந்தத் தெரு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். எங்களுக்கு அன்றைக்கு வேண்டியது அவன் வெட்கப்படுவது இல்லை. வழி.

“யாரும் சிரிக்க வேணாம்” என்றேன். “கை ஆடும், இழை அறுந்துடும். வேலையப் பாருங்க.”

வண்டியை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொன்னேன்: “சண்முகம், இது நம்ம ஆபீஸ் பொண்ணு. தெரு முழுசா நடந்தாத்தான் படத்துல முழுசா வருமாம். நடக்க வந்திருக்குது.”

அவன் பாவைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. “கஞ்சி இன்னும் காயல அண்ணி. தூசி ஏறும்.”

“மருந்து கம்பெனிக்காரர் போனப்ப காஞ்சிருந்துதா?”

இது அவனுக்கு மட்டும்தான் கேட்டது. நான் மேலே பேசவில்லை. அந்த மாதிரி நேரத்தில் அடுத்த வார்த்தை பேசாமல் இருப்பது, மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம். ரேடியோவில் விளம்பரம் வந்து போயிற்று. சண்முகம் குனிந்து, சுவர் ஓரத்தில் வைத்திருந்த கஞ்சிச் சட்டியை எடுத்து அந்தாண்டை வைத்தான். சுவருக்கும் பாவுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம் விட்டது.

“போம்மா. கயிறு கால்ல தட்டும், பாத்துப் போ” என்றான்.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். சத்யா நகரவில்லை.

“இன்னிக்கு மட்டும்தானா அண்ணா?” என்று கேட்டாள். “இன்னிக்கு மட்டும்னா நான் கோடு போட முடியாது. படத்தைப் பாத்துகினு நாளைக்கு வேற யாராவது வருவாங்க. அவங்களை நீங்க நிறுத்தினா அப்ப என் படம் மறுபடியும் தப்பாயிடும்.”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு தூரம் நான் யோசித்திருக்கவில்லை. என் பேச்சுக்காக அவன் ஒருநாள் சட்டியை நகர்த்தினால் போதும் என்றுதான் நான் வந்தேன். அவளுக்கு அது போதவில்லை. அவள் படத்துக்குப் போதவில்லை.

சண்முகம் கஞ்சிக் கையைத் துண்டில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“வரலாம்” என்றான்.

“யார் வேணா வரலாமா?”

“அதான் வரலாம்னு சொல்றேனே. ஜல்தியா போம்மா, வெயில் ஏறுது. இந்தப் பாவோட பெரிய பேஜாரா போச்சு.”

அவள் நடந்தாள். நான் கூடப் போகவில்லை. கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு, தோள் சுவரில் உரசாமல், புடவை பாவில் படாமல், ஒரே சீராக நடந்து அந்த முனைக்குப் போய் ரோட்டில் ஏறினாள். ரோட்டில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு திரும்பியும் அதே வழியில் வந்தாள். ஒருமுறை போதாதா என்று கேட்டேன். வருவதற்கும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா அக்கா என்றாள்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சண்முகம் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருவில் சிலர் அவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று என்னைக் கேட்டார்கள். வண்டிக்காரி எல்லாரையும்தான் கூட்டி வருவாள் என்று சொன்னேன். ஆனால் சட்டி மறுபடியும் சுவர் ஓரத்துக்கு வரவில்லை. நான் தினமும் பார்த்தேன்.

பாபு அன்றைக்கு மத்தியானமே பேனரைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். “தங்கச்சி, பத்திரிகையில போடறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றார்.

“கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் அண்ணா” என்றாள் சத்யா. “எனக்கு அந்தத் தெரு அவ்ளோதான் இருந்துச்சு.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, வேண்டுமானால் மன்னிப்புக் கேட்டு ஒரு பேனர் அடித்துவிடட்டுமா, காசு வேண்டாம் என்றார். “அதுக்குக் கீழயும் நின்னு போட்டோ எடுப்பாங்க, வேணாம் அண்ணா” என்றாள். அன்றைக்குத்தான் நெடுநாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஏரிக்கு நடுவில் பெட்ரோல் பங்க் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. வெறும் கவனக்குறைவாக இருக்கலாம், கை தவறி இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் அவர் பெயர் அதில் இருக்கிறதென்றால், அவரைக் கேட்கவும் வழி இருக்கிறது. குரூப்பில் போட ஆகிற நேரம்தான் கேட்பதற்கும் ஆகும். நீங்களும் தினமும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டுகிறீர்கள். திருத்தத் தெரிந்தவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். என்னைப் போலப் படம் புரியாதவர்கள் இல்லை நீங்கள்.

தெருவை நடந்து முடித்த அன்றைக்குச் சாயங்காலம் லாரி கிளம்பிய பிறகு சத்யா என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டாள். எங்கள் தெரு ஒரு கோடாகப் போய் ரோட்டில் சேர்ந்திருந்ததைக் காட்டினாள். நான் தலையாட்டினேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன், “இதையும் அழிச்சுட்டுத்தான் வேலூர் போவியா?”

அவள் படத்தை நகர்த்திக்கொண்டே போனாள். ஊரின் வேறு ஒரு பக்கம் வந்தது. விரலால் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். எனக்கு எழுத்துப் புரியவில்லை, ஆனால் இரண்டு கோடுகள் பாதியில் நிற்பது தெரிந்தது.

“இங்கயும் என்னை நிறுத்தினாங்க அக்கா. இங்கயும். இதைப் பாத்துட்டு அப்புறம் சொல்றேன்” என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “நாளைக்கு உங்க வண்டி இந்தப் பக்கம் போவுதா?” என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்துக்கு மறுநாள் மூட்டை எதுவும் இல்லை. போவுது என்று சொன்னேன்.